ஆறாத புண்: மணல் ஈ பரப்பும் தோல்நோயை அறிவதும் ஆற்றுவதும்

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் செல்லும் நெடுஞ்சாலையில் இருக்கிறது குந்தாரப்பள்ளி கூட்டுரோடு. வெள்ளிக்கிழமை சந்தைக்குச் சுற்றுவட்டாரத்து ஆடு மாடுகளோடு கர்நாடகம், ஆந்திரத்து வியாபாரிகளும் வந்து இறங்குவார்கள். குருபரப்பள்ளி சிப்காட், சூளகிரி, ஓசூர் என்று நீளும் ஆலைகளுக்கு ஆட்கள் இன்னும் தொலைவிலிருந்து வருகிறார்கள்: பீகார், ஜார்க்கண்ட், மேற்கு வங்கம், உத்தரப் பிரதேசம், ஒடிசா. சாலையோரத்து லைன் வீடுகளில் ஐந்தாறு பேராகத் தங்கி, ஷிப்டு மாறி ஷிப்டு போகிறார்கள். பக்கத்துப் போலுப்பள்ளியில் 2022 ஜனவரி முதல் ஓர் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது.

இத்தனையும் ஒரே சாலையில் அமைந்திருப்பதால்தான், தமிழ்நாட்டுக்குத் தொடர்பில்லாததாகத் தோன்றும் ஒரு நோயைப் பற்றி இங்கிருந்து யோசிக்க வேண்டியிருக்கிறது. மணல் ஈ கடிப்பதால் பரவும் ஒட்டுண்ணித் தோல்நோய் அது. மருத்துவப் பெயர் லீஷ்மேனியாசிஸ். உலக அளவில் ஆண்டுக்கு 6 லட்சம் முதல் 10 லட்சம் பேருக்கு இதன் தோல் வடிவம் புதிதாக வருவதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. இதே குடும்பத்து ஒட்டுண்ணி உள்ளுறுப்புகளைத் தாக்கினால் அது காலா அசார் என்னும் கருங்காய்ச்சல். அதை உள்ளூரிலேயே பரவும் நோயாக இந்திய அரசு கணக்கில் வைத்திருக்கும் மாநிலங்கள் பீகார், ஜார்க்கண்ட், மேற்கு வங்கம், உத்தரப் பிரதேசம் ஆகிய நான்கு. தமிழ்நாடு அந்தப் பட்டியலில் இல்லை. பட்டியலில் இல்லாத ஊரில் இந்த நோயாளி வந்து நின்றால் அவரை யார் அடையாளம் காண்பது என்பதுதான் என் கேள்வி.

முதலில் ஈ. மணல் ஈ என்ற பெயரை நம்பி மணலில் தேடினால் கிடைக்காது. ஏறத்தாழ 2 முதல் 3 மில்லிமீட்டர் நீளம், அதாவது கொசுவில் மூன்றில் ஒரு பங்கு. உடலெங்கும் மயிர், மங்கிய வைக்கோல் நிறம். உட்காரும்போது இறக்கைகளை மடக்காமல் மேல்நோக்கி விரித்து வைத்திருக்கும். ரீங்காரம் கிடையாது. உயரப் பறக்கத் தெரியாது, தத்தித் தத்தித்தான் நகரும். அந்தி சாய்ந்ததிலிருந்து விடியும்வரை கடிக்கும், அதுவும் பெண் ஈ மட்டும். கொசுவுக்கும் இதற்கும் உள்ள பெரிய வேறுபாடு முட்டையிடும் இடம்தான். கொசுவுக்குத் தேங்கிய நீர் வேண்டும். மணல் ஈக்கு ஈரம் கசியும் மண்ணும் அதில் மக்கும் சாணமும் இலைதழையும் போதும். மண்சுவர் வெடிப்பு, மாட்டுக் கொட்டாயின் மூலை, எலி வளை எல்லாம் அதற்கு வீடு. தேங்காய்ச் சிரட்டையைக் கவிழ்ப்பதும் தொட்டியை மூடுவதும் டெங்குவைத் தடுக்கும், மணல் ஈயைத் தொடாது. இந்தியாவில் இந்த ஒட்டுண்ணியைப் பரப்புவதில் முதன்மையான இனமான பிளெபோடோமஸ் அர்ஜென்டிப்பஸ் மாட்டு ரத்தத்தை விரும்பிக் குடிக்கும். தமிழ்நாட்டுக்கும் அது புதியதல்ல. கடிக்கும் ஈ இங்கே இருக்கிறது, அதன் வயிற்றில் ஒட்டுண்ணி இல்லை என்பதே நம்முடைய இன்றைய பாதுகாப்பு.

ஒட்டுண்ணியின் தந்திரம் கொஞ்சம் வியக்க வைப்பது. ஈயின் குடலில் அது வால் முளைத்த நீள் வடிவில் பெருகுகிறது. ஈ கடிக்கும்போது எச்சிலோடு தோலுக்குள் இறங்குகிறது. அந்நியக் கிருமிகளை விழுங்கி அழிப்பதற்கென்றே உடலில் இருக்கும் மேக்ரோபேஜ் செல்கள் இதையும் விழுங்குகின்றன. விழுங்கப்பட்டதும் வாலை உள்ளிழுத்து உருண்டையாகி, தன்னைக் கொல்ல வேண்டிய செல்லுக்குள்ளேயே குடியிருந்து பெருகத் தொடங்குகிறது. செல் வெடிக்கிறது, அடுத்த செல்லுக்குப் போகிறது. தோலிலேயே தங்கிவிட்டால் புண். மண்ணீரலுக்கும் ஈரலுக்கும் எலும்பு மஜ்ஜைக்கும் போனால் காலா அசார். பின்னதைக் கவனிக்காமல் விட்டால் பெரும்பாலும் உயிரைப் பறிக்கும். முன்னது உயிரைப் பறிப்பதில்லை, முகத்தில் தழும்பை வைத்துவிட்டுப் போகும். கல்யாணம் பேசும் வயதில் கன்னத்தில் குழி விழுந்தவரிடம் இது சாதாரண நோய் என்று சொல்லிப் பாருங்கள்.

புண் ஒரே நாளில் வருவதில்லை. கடித்துச் சில வாரங்களோ சில மாதங்களோ கழித்து, கடித்த இடத்தில் சிவந்த சிறு பரு தோன்றும். மெல்ல வளர்ந்து முடிச்சாகும், நடுவில் பொருக்கு கட்டும், பொருக்கு உதிர்ந்தால் எரிமலை வாய் போல ஓரம் தடித்த குழிப்புண். முகம், கை, முழங்கால் என்று துணி மூடாத இடங்களில்தான் பெரும்பாலும் வரும். வலி இருக்காது, அரிப்பும் அதிகம் இராது. அதனால்தான் ஆள் மருத்துவரிடம் போவதில்லை. மருந்துக் கடையில் ஒரு கிரீம் வாங்கித் தடவுகிறார். நம் ஊர்க் கடைகளில் சீட்டில்லாமல் கிடைக்கும் பல கிரீம்களில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. உடல் ஒட்டுண்ணியோடு போராடும் இடத்திலேயே அந்தப் போராட்டத்தை அடக்கும் மருந்தைத் தடவுவது எப்படிப்பட்ட உதவி என்று சொல்ல வேண்டியதில்லை.

இந்த நோயின் வரலாற்றில் சென்னைக்கு முதல் வரிசையில் இடம் உண்டு. தமிழில் அதை அதிகம் பேசியதில்லை. 1903இல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் பணியாற்றிய சார்லஸ் டோனோவன், நீண்ட காய்ச்சலும் வீங்கிய மண்ணீரலுமாக இறந்தவர்களின் மண்ணீரலிலும், பிறகு உயிரோடிருந்த ஒரு சிறுவனின் மண்ணீரலிலும் அதுவரை பெயரிடப்படாத உருண்டைகளைக் கண்டார். கல்கத்தாவை அடுத்த டம்டமில் பணியாற்றி நோயுற்று, இங்கிலாந்தில் இறந்த ஒரு சிப்பாயின் மண்ணீரலில் அதே உருண்டைகளைக் கண்டதாக வில்லியம் லீஷ்மன் சில வாரங்கள் முன்பு எழுதியிருந்தார். இருவர் பெயரையும் சேர்த்து லீஷ்மேனியா டோனோவானி என்று பெயரிட்டவர் ரொனால்ட் ராஸ். அதே 1903இல் பாஸ்டனில் ஜேம்ஸ் ஹோமர் ரைட், ஓர் ஆர்மீனியக் குழந்தையின் தோல் புண்ணில் இதன் உறவினத்தைக் கண்டு விவரித்தார். இந்தியாவில் 'தில்லிக் கட்டி' என்று வழங்கிவந்த புண்ணில் கன்னிங்ஹாம் 1885இலேயே ஏதோ பார்த்திருந்தார், பார்த்தது என்னவென்று அப்போது புரியவில்லை.

எது பரப்புகிறது என்ற கேள்விக்கு விடை கிடைக்க இன்னும் நாற்பது ஆண்டுகள் ஆயின. சென்னையில் பேட்டன் என்ற ஆய்வாளர் மூட்டைப்பூச்சியைச் சந்தேகித்துப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். நோய் உள்ள ஊர்களும் அர்ஜென்டிப்பஸ் ஈ உள்ள ஊர்களும் வரைபடத்தில் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துவதை 1920களில் சின்டன் கவனித்தார். ஆனால் ஆய்வுக்கூடத்தில் ஈயைக் கடிக்கவிட்டால் நோய் ஒட்டவில்லை. ரத்தம் மட்டும் கொடுத்து வளர்த்த ஈயில் ஒட்டுண்ணி சரியாகப் பெருகவில்லை, ரத்தத்துக்குப் பிறகு உலர்ந்த திராட்சையின் சாறைக் கொடுத்தால் பெருகுகிறது என்பது 1940இல்தான் தெரிந்தது. அந்தத் திராட்சையின் உதவியோடு சுவாமிநாத், ஷார்ட், ஆண்டர்சன் மூவரும் அஸ்ஸாமில் தன்னார்வலர்களை ஈயால் கடிக்கவைத்து, நோய் வருவதை 1942இல் நிரூபித்தார்கள். இன்றைய நெறிமுறைக் குழு எதுவும் அனுமதிக்காத சோதனை அது.

இவ்வளவும் சேர்ந்து பாடப்புத்தகத்தில் ஒரு வசதியான பிரிவினையை உண்டாக்கின. டோனோவானி என்றால் உள்ளுறுப்பு, அதன் உறவினங்களான டிராபிகா, மேஜர் என்றால் தோல். ராஜஸ்தானின் பீகானேரில் தோல்புண் வந்தால் அது டிராபிகா. பீகாரில் காய்ச்சலும் மண்ணீரல் வீக்கமும் என்றால் டோனோவானி. இந்தப் பிரிவினை தென்னாசியாவில் உடைந்துவிட்டது, உடைத்தது முதன்மையாக இலங்கை.

இலங்கையில் உள்ளூரிலேயே தொற்றிய முதல் தோல் லீஷ்மேனியாசிஸ் நோயாளி அம்பாந்தோட்டை மாவட்டத்திலிருந்து 1992இல் பதிவானார். பத்தாண்டுகள் பெரிதாக ஒன்றுமில்லை. 2001 முதல் வடக்கில் நிறுத்தப்பட்ட படையினரிடம் ஆறாத புண்கள் வரிசையாகத் தென்பட்டன. காட்டுக்குள் இரவு முழுதும் காவல் நிற்பவர்களுக்கு மணல் ஈயிடமிருந்து தப்ப வழி ஏது? பிறகு அநுராதபுரம், பொலன்னறுவை, குருநாகல், மாத்தறை என்று பொதுமக்களிடமும் பரவல் தெரியவந்தது. 2008இல் அது அரசுக்குக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயானது. கொழும்புப் பல்கலைக்கழகத்தில் நதீரா கருணாவீரவும் சக ஆய்வாளர்களும் புண்ணிலிருந்து எடுத்த ஒட்டுண்ணியை வகைப்படுத்தியபோது தெரியவந்தது, அது டோனோவானி. மான்-37 என்ற துணைவகை. இந்தியாவில் மண்ணீரலைத் தின்னும் கூட்டத்தின் நெருங்கிய உறவு, இலங்கையில் தோலோடு நின்றுவிட்டது. பரப்பும் ஈயும் அதே அர்ஜென்டிப்பஸ் குழு. பின்னாளில் அங்கே உள்ளுறுப்பு நோயும் ஒன்றிரண்டாகப் பதிவானது, அதாவது தோலோடு நிற்கும் என்பதற்கும் முழு உத்தரவாதம் இல்லை.

இந்தியப் பக்கமும் இதே கதை. இமாச்சலில் சட்லஜ் பள்ளத்தாக்கின் தோல் நோயாளிகளில் பெரும்பாலோரிடம் கண்டது டோனோவானியே. நமக்கு இன்னும் நெருக்கமாக, கேரளத்தின் அகத்தியமலைக் காட்டில் வாழும் காணி பழங்குடியினரிடம் தோல்புண்கள் கண்டறியப்பட்டன. புதுச்சேரியில் உள்ள இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நோய்க்கடத்தி ஆய்வு மையம் அவற்றையும் டோனோவானி என்றே உறுதி செய்தது. அகத்தியமலையின் மறுசரிவு திருநெல்வேலி. காணிகள் இந்தப் பக்கமும் பாபநாசம் மலைகளில் வாழ்கிறார்கள். மாநில எல்லைக்கோடு ஈக்குத் தெரியாது. தமிழ்நாட்டில் இந்த நோயைத் தேடுவதானால் முதலில் அந்த மலையில்தான் தேட வேண்டும், பிறகுதான் கிருஷ்ணகிரி.

கிருஷ்ணகிரிக்கு வரக்கூடிய நோயாளி வேறு வகையானவர். மூன்று பேரை மனதில் வைத்துக்கொள்ளலாம்.

முதலாமவர் சவூதியில் வேலை செய்து ஊர் திரும்பியவர். அல்-அஹ்சா போன்ற பாலைவனச் சோலைப் பகுதிகளில் மேஜர் வகை நெடுங்காலமாக இருக்கிறது, பாலைவன எலிகள் அதன் இருப்பிடம். அவர் கையில் வரும் புண் பல நேரம் தானாகவே ஆறும். இரண்டாமவர் எல்லையில் பணியாற்றி விடுப்பில் வந்த படைவீரர். பீகானேர் மணலில் தங்கியவரென்றால் டிராபிகாவாக இருக்கலாம்.

மூன்றாமவர் லைன் வீட்டில் தங்கியிருக்கும் வடமாநிலத் தொழிலாளி. இவரைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டும். இவருக்குப் புண்ணே இருக்காது. முகத்திலும் மார்பிலும் வெளிறிய படைகள், சில நேரம் முடிச்சுகள். வலியில்லை, காய்ச்சலில்லை. விசாரித்தால், இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு முன் ஊரில் காலா அசார் வந்து மருந்தெடுத்துக் குணமானதாகச் சொல்வார். குணமானது உண்மைதான், ஆனால் ஒட்டுண்ணி தோலில் தங்கிவிட்டது. காலா அசாருக்குப் பிந்தைய தோல் லீஷ்மேனியாசிஸ் என்று இதற்குப் பெயர். இதை முதலில் 1922இல் விவரித்தவர், யூரியா ஸ்டிபமைன் மருந்தைத் தந்து எண்ணற்ற உயிர்களைக் காத்த கல்கத்தாவின் உபேந்திரநாத் பிரம்மச்சாரி. இந்தியாவில் காலா அசார் குணமானவர்களில் ஏறத்தாழ 5 முதல் 10 விழுக்காட்டினருக்கு இது வருகிறது.

இவரால் வேலை செய்ய முடியும், சாப்பிட முடியும், தூங்க முடியும். அதனால் எந்த மருத்துவமனைக்கும் போகமாட்டார். போனாலும் வெண்படை, தேமல், தொழுநோய் என்று மூன்றில் ஒன்றைச் சொல்லி அனுப்பிவிடுவார்கள். ஆனால் இவரைக் கடிக்கும் மணல் ஈக்கு ஒட்டுண்ணி தொற்றுகிறது என்பது வங்கதேசத்தில் நடந்த ஆய்வில் உறுதியாகியிருக்கிறது. நோய் அடங்கிக்கிடக்கும் ஆண்டுகளில் ஒட்டுண்ணியைக் காத்து வைத்திருப்பவர் இவர்தான். மேற்கு வங்கத்தின் 24 பர்கனாஸில் 1980களில் தலைதூக்கிய காலா அசாருக்கு இப்படிப்பட்ட தோல் நோயாளியே தொடக்கமாக இருந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் எழுதினர். மாட்டுக் கொட்டாய்களும் அர்ஜென்டிப்பஸ் ஈயும் உள்ள ஊரில் இது சிந்திக்க வேண்டிய செய்தி.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இதைப் படித்துவிட்டு வடநாட்டுத் தொழிலாளரை நோய் கொண்டுவருபவர் என்று பார்ப்பவர், இந்த நோயைப் பரப்பவே உதவுகிறார். வேலை போய்விடும், அறையைக் காலி செய்யச் சொல்வார்கள் என்ற பயம் வந்தால் படையை மறைப்பார்கள். தொழுநோயில் நாம் பல தலைமுறை செய்த தவறு இது.

தொழுநோயைச் சொன்னதும் ஒரு நல்ல செய்தியும் சொல்லலாம். லீஷ்மேனியாசிஸைக் கண்டறிய பெரிய கருவி எதுவும் வேண்டாம். புண்ணின் தடித்த ஓரத்தில் மெல்லக் கீறி, கசியும் திசுநீரைச் சிலைடில் தடவி, ஜீம்சா சாயமிட்டு நுண்ணோக்கியில் பார்த்தால், மேக்ரோபேஜ் செல்லுக்குள் அந்த உருண்டைகள் தெரியும். ஒவ்வொன்றிலும் கருவோடு ஒட்டி ஒரு சிறு கோடு, கைனடோபிளாஸ்ட். அதைப் பார்த்துவிட்டால் சந்தேகமில்லை. தோலைக் கீறிச் சிலைடு எடுக்கும் இதே கைப்பழக்கம் தமிழ்நாட்டுத் தொழுநோய்ப் பணியாளர்களுக்குப் பல பத்தாண்டுகளாக உண்டு. வேலூரை அடுத்த காரிகிரியில் 1955இல் தொடங்கிய தொழுநோய் நிறுவனம் இத்தகைய கைகளைப் பயிற்றுவித்த இடங்களில் ஒன்று. தேவை வேறு சாயமும், 'இதுவாகவும் இருக்கலாம்' என்ற நினைப்பும்தான். படைகளில் ஒட்டுண்ணி குறைவாக இருக்கும், சிலைடில் அகப்படாமல் போகலாம். அப்போது பயாப்சியும் பிசிஆர் சோதனையும் வேண்டும். எந்த வகை ஒட்டுண்ணி என்பதையும் பிசிஆர்தான் சொல்லும். காலா அசாருக்குப் பயன்படும் ஆர்கே-39 ரத்தப் பரிசோதனைப் பட்டையைத் தோல்புண்ணில் நம்பக்கூடாது. முன்பு காலா அசார் வந்தவருக்கு அது ஆண்டுக்கணக்கில் ஆம் என்றே காட்டிக்கொண்டிருக்கும்.

தொழுநோயிலிருந்து பிரித்தறிய எளிய வழி, தொட்டுப் பார்ப்பது. தொழுநோய்ப் படையில் பெரும்பாலும் உணர்ச்சி மங்கியிருக்கும், இதில் உணர்ச்சி அப்படியே இருக்கும். தோல் காசநோய், ஆழ்ந்த பூஞ்சைப்புண் ஆகியவற்றையும் மருத்துவர் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

சிகிச்சைக்கு வருவோம். ஒரே மருந்து எல்லாருக்கும் என்ற பேச்சு இங்கே செல்லாது. ஒட்டுண்ணி எந்த வகை, புண் எத்தனை, எங்கே, எவ்வளவு பெரியது, நோயாளியின் எதிர்ப்புசக்தி எப்படி, இவற்றைப் பொறுத்தே முடிவு. ஆறத் தொடங்கிவிட்ட சிறு புண்ணை, மேஜர் வகையாக இருந்தால், சுத்தமாக வைத்து, கவனித்துக்கொண்டு சும்மா விடுவதும் ஒரு சிகிச்சையே. தென்னமெரிக்க வகைகள் சில மூக்கையும் அண்ணத்தையும் அரிக்கும், அவற்றில் இந்தச் சலுகை கிடையாது.

டோனோவானி, டிராபிகா புண்களுக்கு நெடுங்காலமாகக் கைகொடுப்பது ஆண்டிமனி உப்பான சோடியம் ஸ்டிபோகுளூக்கோனேட். பிரேசிலில் காஸ்பர் வியன்னா 1912இல் ஆண்டிமனியைத் தோல்புண்ணுக்குக் கொடுத்துப் பார்த்ததிலிருந்து தொடரும் வழி இது. சில புண்கள் மட்டும் இருந்தால் மருந்தைப் புண்ணுக்குள்ளேயே ஊசியால் செலுத்துவார்கள், ஓரம் வெளுக்கும்வரை. வலி கடுமையானது. வாரத்துக்கு ஒரு முறையாவது, பல வாரங்களுக்குத் தொடர வேண்டும். உடல் முழுதும் போகும்படி 20 நாள் ஊசி போடுவதென்றால் இதயம், கணையம், ஈரல் மூன்றையும் கண்காணிக்க வேண்டும். திரவ நைட்ரஜனால் உறைய வைப்பது இன்னொரு முறை, இலங்கையில் அதையும் பரவலாகக் கையாள்கிறார்கள்.

எனக்கு மிகவும் பொருத்தமாகப் படுவது வெப்பச் சிகிச்சை. இந்த ஒட்டுண்ணிக்குச் சூடு ஆகாது. மரத்துப்போகும் ஊசி போட்டு, ரேடியோ அலைக் கருவியால் புண்ணை 50 டிகிரி செல்சியஸுக்கு 30 விநாடி சூடாக்குகிறார்கள், புண் பெரிதானால் பகுதி பகுதியாக. இலங்கையில் டோனோவானி நோயாளிகளிடையே இதையும் ஆண்டிமனி ஊசியையும் ஒப்பிட்டு நடந்த ஆய்வில் ஒரே ஒரு அமர்வு வெப்பம், வாரந்தோறும் போடும் ஊசிக்கு ஈடு கொடுத்தது. செலவோ பல மடங்கு குறைவு. ஒப்பந்தத் தொழிலாளிக்கு ஒவ்வொரு வாரமும் விடுப்பு என்றால் சம்பளம் போச்சு, மூன்றாவது வாரமே வரமாட்டார். ஒரே நாளில் முடியும் முறைதான் இந்தத் தொழிற்பேட்டைக்கு ஏற்றது.

காலா அசாருக்குப் பிந்தைய படைக்கு இவை எதுவும் போதாது. புற்றுநோய்க்காகத் தொடங்கி, 2002இல் இந்தியாவில் காலா அசாருக்கு அனுமதி பெற்ற மில்டிஃபோசின் மாத்திரையை 12 வாரம் தொடர வேண்டும். குமட்டல், வாந்தி சகஜம். கண்ணில் சிவப்போ மங்கலோ வந்தால் உடனே நிறுத்தி மருத்துவரைப் பார்க்க வேண்டும், இதை உலக சுகாதார நிறுவனமே எச்சரித்திருக்கிறது. கருவிலுள்ள குழந்தையைப் பாதிக்கும் என்பதால் கர்ப்பிணிக்கு அறவே கூடாது. மற்றப் பெண்களும் சிகிச்சை முடிந்து சில மாதங்கள்வரை கருத்தரிக்கக் கூடாது. வலிக்காத படைக்கு மூன்று மாதம் வாந்தி வரும் மாத்திரையைச் சாப்பிடச் சொல்வது எளிதல்ல. பீகாரில் இதற்காக ஆஷா பணியாளர்கள் வீடு தேடிப் போகிறார்கள், நோயாளிக்கு ஊதிய இழப்பு ஈடும் உண்டு. குந்தாரப்பள்ளியில் தங்கியிருக்கும் அதே பீகார்க்காரருக்கு அந்த ஏற்பாடு கைக்கு எட்டாது. மருந்தும் நோய் உள்ள மாநிலங்களுக்கே திட்டத்தின் வழி போகிறது, தெருவோர மருந்துக் கடையில் கிடைக்காது. என் பார்வையில் இந்த விஷயத்தின் மிகப் பெரிய ஓட்டை இதுதான். நோயாளி இடம்பெயர்கிறார், மருந்து இடம்பெயர்வதில்லை.

தடுப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தடுப்பூசி கிடையாது. சாதாரணக் கொசுவலையின் கண்ணில் மணல் ஈ நுழைந்துவிடும், நெருக்கமான கண்ணோ மருந்தூறிய வலையோ வேண்டும். சுவர் வெடிப்பைப் பூசுவது, சாணத்தைக் கொட்டாயிலேயே குவித்து வைக்காமல் இருப்பது, மாட்டைப் படுக்கும் அறையிலிருந்து தள்ளிக் கட்டுவது, மாடி இருந்தால் மேலே தூங்குவது இவை உதவும். இந்தப் பழக்கங்கள் சண்டிபுரா வைரஸைத் தடுக்கவும் உதவும். 1965இல் நாக்பூர் அருகே ஒரு கிராமத்தின் பெயரோடு அறியப்பட்டு, 2024இல் குஜராத்தில் குழந்தைகளைப் பலிகொண்ட அதையும் மணல் ஈயே பரப்புகிறது.

செய்ய வேண்டியவை பெரிய செலவு பிடிப்பவை அல்ல. போலுப்பள்ளி மருத்துவக் கல்லூரியின் தோல் பிரிவிலும் ஓசூர், சூளகிரி அரசு மருத்துவமனைகளிலும் புற நோயாளிச் சீட்டில் ஒரு கேள்வி சேரட்டும்: கடந்த ஐந்தாண்டுகளில் எங்கெல்லாம் தங்கினீர்கள், காலா அசார் வந்ததுண்டா? அதை இந்தியிலும் வங்காளத்திலும் கேட்க ஒருவர் இருக்கட்டும். தொழுநோய்ப் பணியாளர் கையில் ஜீம்சா சாயம் இருக்கட்டும். உறுதியான நோயாளிக்கு மாநில சுகாதாரத் துறை மில்டிஃபோசினை இங்கேயே வரவழைத்துக் கொடுக்கட்டும். ஆலை நிர்வாகங்கள் ஆண்டு மருத்துவப் பரிசோதனையில் சட்டையைக் கழற்றித் தோலைப் பார்க்கச் சொல்லட்டும், பார்த்ததை வேலைநீக்கத்துக்குக் காரணமாக்காமல் இருக்கட்டும்.

வாசகருக்கும் ஒரு வார்த்தை. ஒரு மாதம் தாண்டியும் ஆறாத, வலிக்காத புண் உங்களுக்கோ உங்கள் வீட்டில் குடியிருப்பவருக்கோ இருந்தால், கிரீம் வாங்கித் தடவாதீர்கள். அரசு மருத்துவமனையின் தோல் பிரிவுக்குப் போய், எந்த ஊர்களில் தங்கினீர்கள் என்பதை மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.